படகுக்கு நாலு நட்சத்திரம், விற்ற ஏஜென்ட்டுக்கு ஒன்று: மாலத்தீவு டைவிங் படகுப் பயணம்

மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே படுத்து எழுந்து, சாப்பிட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஸ்கூபா போட்டுக் கடலுக்குள் இறங்கும் பயணம், லிவ்அபோர்டு என்பார்கள், அதைப் பற்றிய விமர்சனம் இது. படகின் பெயரும் அதை எங்களுக்கு விற்ற ஏஜென்ட்டின் பெயரும் இதில் வராது. ஒன்றைப் போட்டால் விளம்பரம் என்பார்கள், இன்னொன்றைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், இரண்டும் வேண்டாம். எந்தப் படகை யார் விற்றாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான், இவ்வளவு நீளமாக எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம். டைவிங் என்றாலே அந்தமான் என்று நினைத்துக்கொண்டு சென்னை போய், அங்கிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) போய், அப்புறம் ஹேவ்லாக்குக்குக் கப்பல் பிடித்து, போக ஒரு நாள் வர ஒரு நாள் என்று செலவழிக்கிறோம். கற்றுக்கொள்ள அந்தமான் நல்ல இடம், மறுக்கவில்லை. ஆனால் சான்றிதழ் கையில் இருந்தால் திருநெல்வேலிக்கு மாலத்தீவுத் தலைநகர் மாலேதான் பக்கம். ஜங்ஷனில் காலையில் கிளம்பினால் ஆரல்வாய்மொழி காற்றாடிகளைத் தாண்டி, நாகர்கோவில் வழியாக நாலு மணி நேரத்தில் திருவனந்தபுரம் ஏர்போர்ட். அங்கிருந்து மாலேவுக்கு விமானம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இறங்கும்போது கடிகாரத்தை அரை மணி பின்னால் தள்ளிக்கொள்ளலாம். விசா அங்கே போய் இறங்கியதும் இலவசம். கிளம்புவதற்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற ஆன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும், அதற்கும் காசு கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி. மது பாட்டில் எதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், ஏர்போர்ட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கல்லும் ஏற்றிக்கொண்டு காலம் காலமாகப் போய்வரும் ஊர்தான் அது, நமக்குத்தான் ஏதோ சினிமாக்காரர்கள் தேனிலவு போகிற இடமாகப் பதிந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை: விமான டிக்கெட்டை முதலில் போடாதீர்கள். படகுகள் குறிப்பிட்ட கிழமையில்தான் கிளம்பும், அந்தக் கிழமைக்குத் திருவனந்தபுரம் விமானம் பொருந்தாவிட்டால் மாலேவிலோ ஹுல்ஹுமாலேவிலோ ஒரு ராத்திரி ஓட்டல் செலவு கூடும்.

இப்போது ஏஜென்ட் கதை. என்னோடு வந்தது தூத்துக்குடிச் சேக்காளி ஒருவன். அவன் தாத்தா முத்துக்குளித்தவர், அப்பா சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது, அதன் பிறகு சங்குதான். நாங்கள் இப்படி ஒரு பயணம் போகிறோம் என்றதும் அவன் அப்பா சொன்னது: "ஏல, காசுக்காவத்தாம்ல நாங்க முங்குனோம், நீங்க காசு குடுத்துல்லா முங்கப் போறிய!" அவன் பரம்பரை என்னவாக இருந்தாலும் கையில் இருந்தது ஓப்பன் வாட்டர் சான்றிதழ் மட்டும், அதாவது 18 மீட்டர் வரை. நான் அட்வான்ஸ்டு முடித்தவன், 30 மீட்டர். இதை முதல் போனிலேயே ஏஜென்ட்டிடம் சொல்லிவிட்டோம். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்னை இல்ல அண்ணாச்சி, புதுசா போறவங்க நெறைய பேர் வாராங்க, எல்லாம் அவங்க பாத்துக்கிடுவாங்க" என்று சொல்லி முன்பணத்தை வாங்கிக்கொண்டார்.

படகுக்காரர்களின் படிவம் கிளம்புகிற நேரத்தில்தான் எங்கள் கைக்கு வந்தது. அதில் அட்வான்ஸ்டு சான்றிதழும் குறைந்தது 50 டைவும் வேண்டும் என்று தடித்த எழுத்தில் இருந்தது. கேட்டால், "அது சும்மா போடுறதுதான் அண்ணாச்சி" என்கிறார். சும்மா போடுவது இல்லை அது. மாலத்தீவு என்பது நடுக்கடலில் வளையம் வளையமாக நிற்கும் பவளத் திட்டுகள், மொத்தம் 26 வளையம், ஒவ்வொன்றையும் அட்டோல் என்பார்கள். வளையத்துக்கு உள்ளேயும் வெளியேயும் கடல் ஏறி இறங்க வேண்டும் என்றால் இடையில் உள்ள வாய்கள் வழியாகத்தான் பாய வேண்டும். அந்த வாய்களில்தான் சுறா நிற்கும், அதனால் படகும் அங்கேதான் நம்மை இறக்கும். குறுக்குத்துறையில் ஆற்றை அடித்துக் கடந்தவன் என்ற பெருமை அங்கே செல்லாது. உண்மையில் ஆற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, பதறினால் கையை வீசுவோம். ஸ்கூபாவில் கை சும்மா இருக்க வேண்டும், கால்தான் வேலை செய்ய வேண்டும். கையை வீசினால் காற்று சீக்கிரம் தீரும், பக்கத்தில் இருப்பவனின் கண்ணாடியும் கழன்று போகும்.

சேக்காளி விஷயத்தைப் படகில் இருந்த தலைமை வழிகாட்டி தீர்த்துவைத்தார், ஏஜென்ட் இல்லை. மாலத்தீவுக்காரர், சின்ன வயதுதான், அதிகம் பேசமாட்டார். முதல் நாள் மாலேவுக்குப் பக்கத்தில் லேசான ஒரு இடத்தில் எல்லோரையும் இறக்கி, யார் எப்படி மிதக்கிறார்கள், யாருக்குக் காற்று எவ்வளவு செலவாகிறது என்று பார்த்தார். மேலே வந்ததும் சேக்காளியைத் தனியாகக் கூப்பிட்டு, படகிலேயே அட்வான்ஸ்டு முடித்துவிடு, அது முடியும் வரை வாய்ப்பகுதி டைவ் கிடையாது, திட்டுகளில் மட்டும் இறங்கு என்று சொல்லிவிட்டார். கூடுதல் காசுதான். அவனுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் அந்த இடத்தில் 'சரி வா பார்த்துக்கலாம்' என்று சொல்லாத ஆளாக இருந்ததால்தான் நான் இந்தப் படகுக்கு நாலு போடுகிறேன்.

ஒரு டைவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதன் சாயல்தான். மாலத்தீவில் பெரிய படகில் இருந்து நேராக இறங்க மாட்டார்கள். தோனி என்று ஒரு சின்னப் படகு கூடவே வரும், சிலிண்டர், காற்று நிரப்பும் கம்ப்ரசர், நம் சாமான் எல்லாம் அதில்தான். பெரிய படகில் சத்தமும் ஈரமும் இல்லாமல் இருப்பது அதனால்தான், இது பெரிய வசதி. அன்று வாவு அட்டோலில் ஒரு வாய்ப்பகுதி. எல்லோரும் சாமானை மாட்டி உட்கார்ந்திருக்கிறோம், வெயில் மண்டையைப் பிளக்கிறது. வழிகாட்டி வெறும் கண்ணாடியும் துடுப்பும் மாட்டிக்கொண்டு தனியாகக் குதித்தார். கொஞ்ச நேரம் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் கூட்டத்தின் மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கமிருந்துதான் நீரோட்டம் வருகிறது, அதைத்தான் பார்க்கிறார் என்று பிறகு சொன்னார். ஏறி வந்து, நீர் வெளியே போகிறது, இங்கே வேண்டாம் என்று ஒரே வரி. எங்களில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மதியம் நீர் திரும்பிய பிறகுதான் அதே இடத்தில் இறக்கினார்.

இறங்குவது என்றால் தயங்கித் தயங்கி இல்லை. மிதப்பதற்காகக் காற்றடைக்கும் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் பின்னால் சாய்ந்து விழுந்து, விழுந்த வேகத்திலேயே கீழே போக வேண்டும், மேலே நின்று காது சரிசெய்துகொண்டிருந்தால் ஓட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். 28 மீட்டரில் வாயின் விளிம்பு. எல்லோர் கையிலும் ஒரு கயிறும் இரும்புக் கொக்கியும். உயிருள்ள பவளத்தில் இல்லாமல் செத்த பாறையில் கொக்கியை மாட்டி, ஜாக்கெட்டில் ஒரு மூச்சுக் காற்று விட்டால் உடம்பு தரையை விட்டு எழும்பிப் பட்டம் மாதிரி நிற்கிறது. கண்ணாடி முகத்தில் அதிர்கிறது, தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் கழன்றுவிடும் போல இருக்கிறது. எதிரே நீலத்தில் சாம்பல் நிறச் சுறாக்கள், வாலைக்கூட ஒழுங்காக ஆட்டாமல் அந்த ஓட்டத்தில் அப்படியே நிற்கின்றன. 2010-இல் மாலத்தீவு சுறா பிடிக்கவே தடை போட்டது, அதன் பலனை அந்த விளிம்பில் தொங்கிக்கொண்டு பார்க்கலாம். அப்புறம் வழிகாட்டி கை காட்டியதும் கொக்கியைக் கழற்றினால் ஓட்டமே உள்ளே கொண்டுபோய் அமைதியான தண்ணீரில் விடுகிறது.

இந்த இடத்தில்தான் நைட்ராக்ஸ் விஷயமும். ஆக்சிஜன் 32 சதவீதம் கலந்த காற்று. அட்டவணைப்படி 30 மீட்டரில் சாதாரணக் காற்றில் இருபது நிமிடம் இருக்கலாம் என்றால் இதில் முப்பது. ஒரு நாளைக்கு மூன்று டைவ், வாரம் முழுக்க என்றால் இது கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து, தனிச் சான்றிதழ் தேவை, ஊரிலேயே படித்து முடித்துவிட்டுப் போங்கள். எங்கள் படகில் இது இலவசம், சில படகில் தனிக் காசு. சிலிண்டரில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று நாமே மீட்டர் வைத்து அளந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தோனியில் இதை ஒரு நாளும் தட்டிக்கழிக்க விடவில்லை. 'நான் அளந்துட்டேன், நீ கையெழுத்துப் போடு' என்கிற படகாக இருந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள்.

எந்த மாதம் போவது என்பதை ஏஜென்ட்டிடம் கேட்டால் 'எப்பவும் சீசன்தான்' என்பார்கள். பாதி உண்மை. நமக்கு இருக்கும் அதே இரண்டு பருவக்காற்றுதான் அங்கேயும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்கு, ஓட்டம் கிழக்கே இருந்து உள்ளே வரும், அதனால் கிழக்குப் பக்க வாய்களில் தண்ணீர் தெளிவாக இருக்கும், சுறாவும் அங்கேதான். மேற்குப் பக்கம் மிதவை உயிரிகள் சேர்ந்து கலங்கலாக இருக்கும், அதைத் தின்ன மான்டா திருக்கைகள் மேற்கே வரும். குற்றாலத்தில் சாரல் கட்டும் மாதங்களில் இது அப்படியே தலைகீழ். மான்டா கூட்டம் வேண்டும் என்றால் ஜூன் முதல் நவம்பர் வரை பா அட்டோலின் ஹனிஃபாரு. ஆனால் அங்கே ஸ்கூபா அனுமதி கிடையாது, கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டும்தான். 2011-இல் பா அட்டோல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது, காவலும் கெடுபிடி. இதைச் சொல்லாமல் 'ஹனிஃபாருவில் டைவ்' என்று விற்கும் விளம்பரங்களை நானே பார்த்தேன். நாங்கள் போனது வடகிழக்குக் காலத்தில், மாலே, வாவு, அரி என்ற சுற்று. முதல் தடவைக்கு அதுவே போதும். தண்ணீர் வெதுவெதுப்பு, 27 டிகிரிக்குக் குறையாது, 3 மில்லிமீட்டர் தடிமன் டைவிங் சூட் தாராளம்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். அலிமாத்தாவில் ராத்திரி டைவ் என்று பெரிதாகப் பேசுவார்கள், நர்ஸ் சுறாக்கள் நம் மேல் உரசிக்கொண்டு போகும் இடம். சுறா உரசியது உண்மை. அதைவிட அதிகமாக மனிதர்கள் உரசினார்கள். பல படகுகள் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கி, எங்கே பார்த்தாலும் டார்ச் வெளிச்சம், யார் நம் குழு என்றே தெரியவில்லை. தென் அரியில் திமிங்கலச் சுறா தேடியபோதும் அதே கதை, ஒரு மீனுக்கு ஐந்தாறு படகு, எல்லோரும் துடுப்பால் அடித்துக்கொண்டு துரத்துகிறார்கள், அது பாவம் கீழே போய்விட்டது. எங்கள் வழிகாட்டி அந்தக் கூட்டத்தில் எங்களை இறக்கவில்லை, தள்ளிப் போய்க் காத்திருந்து வேறொன்றைக் காட்டினார். படகைக் குறை சொல்ல முடியாது, ஆனால் வீடியோவில் பார்த்தது போல நீங்களும் சுறாவும் மட்டும் இருப்பீர்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். ஒரு நட்சத்திரம் குறைத்தது அறைக்காக. கீழ்த்தளத்தில் ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறை, ராத்திரி முழுக்க உறுமல், ஏசி போட்டாலும் டீசல் வாடை. மேல்தளம் என்று சொல்லித்தான் விற்றார்கள். உங்கள் அறை எந்தத் தளம், எஞ்சினுக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் குறியிட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது. சமையல்காரர் மட்டக்களப்புக்காரர், நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் தனியாக ரசம் வைக்க ஆரம்பித்துவிட்டார், "தம்பி, சோறு காணுமா?" (போதுமா) என்று ஒவ்வொரு வேளையும் வந்து கேட்பார். வாய்ப்பகுதி டைவுக்குப் போக முடியாமல் உட்கார்ந்திருந்த வேளையில் சேக்காளி சமையலறையிலேயே குடியிருந்தான். காலையில் மாஸ் ஹூனி: சூரை மீன், தேங்காய்ப் பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, எல்லாம் கையால் பிசைந்து ரோஷி என்ற ரொட்டியோடு. காயல்பட்டினம் பக்கம் மாசிக் கருவாடு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு ஒரு கவளத்தில் பிடித்துவிடும். சைவக்காரர்கள் படிவத்திலேயே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பாஸ்தாதான் கதி.

பணம். இரண்டு பேர் அறையில் தலைக்கு, ஒரு வாரத்துக்கு, நாங்கள் விசாரித்த படகுகள் ஆயிரத்துச் சொச்சம் டாலரில் தொடங்கி நாலாயிரம் வரை போயின. "எல்லாம் சேர்த்துதான் அண்ணாச்சி" என்று ஏஜென்ட் சொன்ன தொகையில் எது சேரவில்லை என்பது படகில் கடைசி நாள் பில் வந்தபோதுதான் தெரிந்தது. மாலத்தீவு அரசின் பசுமை வரி, 2025 ஜனவரியிலிருந்து படகுகளுக்கு ஒரு நாளைக்குத் தலைக்கு 12 டாலர், ஏழு ராத்திரிக்கு 84. சுற்றுலா ஜிஎஸ்டி, 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம், அது படகில் வாங்கும் கூல்டிரிங்க்ஸ் வரை எல்லாவற்றுக்கும் உண்டு. சேவைக் கட்டணம் தனி. வாடகைச் சாமான் தனி. ஊழியர்களுக்கு டிப்ஸ், அது கட்டாயம் இல்லை என்று எழுதியிருப்பார்கள், கொடுக்காமல் இறங்க மனசு வராது, கொடுக்கவும் வேண்டும், அந்தத் தோனிப் பையன்கள் படும் பாடு அப்படி. ஏஜென்ட் வழியாகக் கட்டினால் டிசிஎஸ், அதாவது முன்கூட்டிய வருமான வரி, பிடிப்பார்கள், அது வரிக்கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் கணக்கில் வரும், சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டைவிங் காப்பீடு தனியாக எடுங்கள், சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கலாம். டைவிங்கில் அழுத்தக் கோளாறு (உடம்பில் நைட்ரஜன் குமிழி கட்டுவது) வந்தால் சிகிச்சை அறை பண்டோஸ் தீவில் இருக்கிறது, அங்கே கொண்டுபோகும் செலவே தாங்காது.

வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஊரிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், சிலருக்கு அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம் வரும், அந்தத் தூக்கத்தோடு தண்ணீருக்குள் போகக் கூடாது. டார்ச், டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி), பேட்டரி எல்லாம் கைப்பையில். கடைசி நாள் டைவ் கிடையாது, விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் 24, உடம்பில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற விட வேண்டும். 'கடைசி நாளும் டைவ் உண்டு' என்று யாராவது கவர்ச்சியாகச் சொன்னால் உங்கள் விமான நேரத்தை அவர்களே கணக்குப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அந்த நாளில் மாலே மீன் சந்தையைச் சுற்றினோம், சூரை அறுப்பவர்களின் கை வேகத்தைப் பார்க்கவே போகலாம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் பயமுறுத்துகிறான் என்பார்கள், பரவாயில்லை. 2019 செப்டம்பரில் கலிபோர்னியாவில் கன்செப்ஷன் என்ற டைவிங் படகு ராத்திரி தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேர் இறந்தார்கள். ராத்திரி ரோந்துக்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை, கீழிருந்து ஏறும் இரண்டு வழியும் தீப்பிடித்த ஒரே இடத்தில் போய்த்தான் முடிந்தன. அதனால் நாங்கள் ஏறியதும் முதலில் பார்த்தது கட்டிலையோ பாத்ரூமையோ இல்லை, இரண்டாவது வழி எங்கே திறக்கிறது என்பதைத்தான். திறந்தே பார்த்தோம், மேல்தளத்தில் ஏறியது. கேமரா பேட்டரிகளை அறையில் சார்ஜ் போட விடவில்லை, வெளியே ஆள் பார்க்கும் இடத்தில் தனி மேஜை. ராத்திரி ஒருவர் சுற்றிக்கொண்டே இருந்தார், ஒரு தடவை தூக்கம் வராமல் எழுந்து போனபோது அவரும் நானும் டீ குடித்தோம்.

அதே ஏஜென்ட் போன வாரம் சேக்காளிக்குப் போன் போட்டிருக்கிறார், இப்போது எகிப்து செங்கடல் பேக்கேஜாம், விலை பாதியாம், "நீங்க இப்ப அட்வான்ஸ்டு ஆயிட்டீங்களே அண்ணாச்சி" என்றாராம். 2024 நவம்பரில் அந்தக் கடலில்தான் சீ ஸ்டோரி என்ற படகு கவிழ்ந்தது, பதினொரு பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். சேக்காளி மூன்றே கேள்விதான் கேட்டானாம்: ராத்திரி யார் முழித்திருப்பார், கீழ்த்தளத்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கும், வரியெல்லாம் சேர்த்து எழுத்தில் எவ்வளவு. "கேட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி" என்று வைத்தவர் இன்னும் கூப்பிடவில்லை.